பில் "போஜாங்கிள்ஸ்" ராபின்சன்: வாடெவில் மேடையிலிருந்து பேசும்படம் வரை – விவாத இழை

படச்சுருள்:

வணக்கம். அமெரிக்காவின் தொடக்ககாலப் பேசும்படங்களைப் பற்றி இங்கு நிறையப் பேசியிருக்கிறோம். அந்தப் படங்களில் ஆடியும் பாடியும் நடித்தவர்களில் பலர் பலவகை நிகழ்ச்சிகள் நடக்கும் வாடெவில் மேடையில் இருபது, முப்பது ஆண்டுகள் உழைத்துவிட்டுத்தான் கேமரா முன்னால் வந்து நின்றார்கள் என்பதை மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி வந்தவர்களில் ஒருவரை முழுமையாகப் பேசலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். நான் எடுத்துக்கொள்வது "போஜாங்கிள்ஸ்" என்ற பட்டப்பெயரால் அறியப்பட்ட கறுப்பின நடனக்காரர் பில் ராபின்சன்.

அவர் 1878 மே 25 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் லூதர். தந்தை இயந்திரப் பட்டறைத் தொழிலாளி. தாய் தேவாலயத்தில் பாடியவர். இருவருமே அவரது சிறு வயதில் இறந்துபோக, அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற பாட்டிதான் அவரை வளர்த்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. மதுக்கடை வாசல்களிலும் தெருமுனைகளிலும் ஆடிக் காசு சேர்த்த பையன், பதின்ம வயதிலேயே நாடகக் குழுவோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டான். மேமி ரெமிங்டன் என்ற வெள்ளைக்காரப் பாடகியின் குழுவில் அவன் பார்த்த வேலை, பாடகிக்குப் பின்னால் நின்று ஆடிக் கைதட்டல் வாங்கித் தருவது. அக்காலத்தில் வெள்ளைக்காரப் பாடகியர் பலர் இப்படிக் கறுப்பினச் சிறுவர்களைப் பின்னணி ஆட்டத்துக்கு வைத்திருந்தார்கள். பாட்டு எடுபடாத இரவிலும் பையன்களின் ஆட்டம் நிகழ்ச்சியைக் காப்பாற்றிவிடும்.

அந்தப் பையன் ஐம்பது வயதில் நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகள் உள்ள பிராட்வேயின் நட்சத்திரம் ஆனார்; அறுபதை நெருங்கும்போது ஷெர்லி டெம்பிள் என்ற குழந்தை நட்சத்திரத்தோடு கைகோத்து ஆடி உலகமெங்கும் அறியப்பட்டார்; 1949இல் கையில் காசில்லாமல் இறந்தார். இன்று அவரைப் பற்றி இரண்டு தீர்ப்புகள் உலவுகின்றன. காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனத்தின் பேராசான் என்பது ஒன்று. வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த மாதிரி சிரித்துக்கொண்டு வேலைக்காரன் வேடம் கட்டியவர் என்பது மற்றொன்று. இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிட்டால் அந்த மனிதர் நம் கைக்கு அகப்பட மாட்டார் என்றே நினைக்கிறேன். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

மேடைவிளக்கு:

நல்ல தொடக்கம், படச்சுருள் அவர்களே. அவர் எந்த மேடையில் எந்த விதிகளுக்குக் கட்டுப்பட்டு ஆடினார் என்பதைச் சொல்லாமல் அவருடைய சிரிப்பைப் பற்றிப் பேச முடியாது என்பதால், அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

வாடெவில் என்பது ஒரே மாலையில் பல துண்டு நிகழ்ச்சிகளை அடுக்கித் தரும் வியாபாரம். கழைக்கூத்து, பழக்கிய விலங்குகள், பாட்டு, நகைச்சுவைப் பேச்சு, நடனம் என்று ஒவ்வொருவருக்கும் பத்து, பதினைந்து நிமிடங்கள் கிடைக்கும். கீத், ஆர்ஃபியம் போன்ற நிறுவனங்கள் நாடு முழுவதும் அரங்கங்களைச் சங்கிலியாகக் கோத்து வைத்திருந்தன. அந்த அலுவலகங்களில் ஒப்பந்தம் கிடைத்துவிட்டால் ஓர் ஆண்டு முழுவதும் ரயிலேறி ஊர் ஊராக ஆடலாம். அவர்களைப் பகைத்துக்கொண்டால் ஆடுவதற்குப் பெரிய மேடையே கிடைக்காது.

கறுப்பினக் கலைஞர்களுக்கு இந்தச் சங்கிலியில் தனி விதிகள் இருந்தன. மேடையில் அவர்கள் தனியாக நிற்கக் கூடாது, இருவராகத்தான் வர வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். அதனால்தான் 1902 முதல் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ராபின்சன் ஜார்ஜ் கூப்பர் என்பவரோடு ஜோடி சேர்ந்தே இயங்கினார். அந்த ஜோடியில் கூப்பர் நிதானமாகப் பேசுபவராகவும் ராபின்சன் கோமாளியாகவும் வருவார்கள். நடனத்தில் தேர்ந்த மனிதர் பல ஆண்டுகள் முதன்மையாக நகைச்சுவைக்காரராகவே அறியப்பட்டிருந்தார் என்றால் அதற்கு இந்த விதியே காரணம்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. வெள்ளைக்காரர்கள் முகத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் கூத்துகளின் வழக்கப்படி, முகத்தில் கார்க் கரியைப் பூசிக்கொண்டுதான் மேடையேற வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கறுப்பினக் கலைஞர்கள் மீதும் இருந்தது. அந்தத் தலைமுறையின் மிகப் பெரிய கறுப்பின நகைச்சுவைக் கலைஞரான பெர்ட் வில்லியம்ஸ், பிராட்வேயில் சீக்ஃபெல்ட் என்ற தயாரிப்பாளரின் மேடைக்கு உயர்ந்த பிறகும் கரி பூசிக்கொண்டே ஆடினார்; 1916இல் வந்த அவருடைய மௌனப் படத்திலும் அந்தக் கரி முகத்தைத்தான் காண்கிறோம். கூப்பரும் ராபின்சனும் கரி பூச மறுத்துவிட்டார்கள். நல்ல உடை உடுத்து, தங்கள் சொந்த முகத்தோடு மேடைக்கு வந்தார்கள். அந்த ஆண்டுகளில் இது சிறிய முடிவு அன்று. வாய்ப்புகளை இழக்கத் துணிந்து எடுத்த முடிவு.

பிறகு மார்ட்டி ஃபோர்கின்ஸ் என்ற மேலாளரின் துணையோடு ராபின்சன் தனி ஆட்டக்காரராக மாறினார். இருவர் விதியை உடைத்துப் பெரிய மேடைகளில் தனித்து நின்ற முதல் சிலரில் அவர் ஒருவர்.

தாளக்கட்டு:

அவருடைய ஆட்டத்தை நான் காதால்தான் அதிகம் அறிந்திருக்கிறேன். படங்களில் அவர் வரும் பகுதிகளைத் திரையைப் பார்க்காமல் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தட்டும் தனித்தனியாக, ஒரே அளவில், அவசரம் இல்லாமல் விழுவது அப்போதுதான் நன்றாகப் புரியும்.

அவருக்கு முன்பு டாப் நடனம் பெரும்பாலும் பாதம் முழுவதையும் தரையில் வைத்து ஆடப்பட்டது. கிங் ராஸ்டஸ் பிரவுன் போன்ற முன்னோடிகளின் ஆட்டம் அப்படிப்பட்டது. உடம்பின் எடை தரையை நோக்கி இறங்கி இருக்கும். ராபின்சன் அந்த எடையை மேலே தூக்கினார். முன்பாதத்தில் நின்று, முதுகை நிமிர்த்தி, கைகளை அலையவிடாமல் ஆடினார். இடுப்புக்கு மேலே ஒருவர் சும்மா நின்றுகொண்டிருப்பதாகத் தோன்றும். ஓசையெல்லாம் கீழே நடக்கும். அவ்வப்போது குனிந்து தன் கால்களையே வியப்போடு பார்ப்பார், அவை யாருடைய கால்களோ என்பதுபோல. பார்வையாளரின் கண்ணைச் சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு இழுத்துச் செல்லும் உத்தி அது.

காலணியையும் சொல்ல வேண்டும். இன்று டாப் என்றவுடன் நினைவுக்கு வரும் உலோகத் தகடுகளை அவர் விரும்பவில்லை. அவருடையது மர அடி வைத்த காலணி. மரத் துண்டின் ஒரு பகுதி காலணியோடு இறுக்கமாகப் பொருத்தப்படாமல் தளர்வாக இருந்ததால், பாதம் வளையவும் முடிந்தது, மரத்தின் கணீர் ஓசையும் கெடவில்லை. உலோகத்தின் கிணுகிணுப்பு இல்லாத வட்டமான ஓசை அது.

கணக்கிலும் அவர் மிகவும் ஒழுங்கானவர். எட்டு அளவைகள் (இசையின் தாளப் பகுதிகள்) கொண்ட ஒரு தொடரை எடுத்தால் முதல் ஆறு அளவைகளில் ஒரே கட்டத்தை மூன்று முறை ஆடி, கடைசி இரண்டில் அதை மாற்றி முடிப்பது அக்கால டாப் நடனத்தின் அடிப்படை வடிவம். மிருதங்கக்காரர் தீர்மானம் வைத்து முடிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த முடிப்பு உடனே பிடிபடும். ராபின்சன் இந்தக் கட்டமைப்பை மீறியவர் அல்லர். அதைத் துளி பிசகாமல் தெளிவாக்கியவர். மீறியவர் அவருக்குப் பின் வந்த ஜான் பபிள்ஸ். அவர் தாளத்தின் வேகத்தைப் பாதியாக்கி, குதிகாலையும் தரையில் இறக்கி, இடையில் கிடைத்த இடத்தை எதிர்பாராத தட்டுகளால் நிரப்பினார். ஜாஸ் இசையோடு பிற்காலத்தில் சேர்ந்து வளர்ந்த டாப் நடனம் பபிள்ஸின் வழியில் வந்தது என்பதை ராபின்சனின் ரசிகர்களும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அக்காலப் போட்டிகளில் நடுவர்களில் சிலரை மேடைக்கு அடியில் உட்கார வைப்பார்களாம். கால் எப்படி இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஓசையை வைத்தே மதிப்பெண் போடுவார்கள். 1900இல் புரூக்ளினில் ஹாரி ஸ்விண்டன் என்ற பேர்பெற்ற ஆட்டக்காரரைப் போட்டியில் வென்ற பிறகுதான் ராபின்சனின் பெயர் நியூயார்க் வட்டாரத்தில் பரவத் தொடங்கியது.

படச்சுருள்:

தாளக்கட்டு அவர்கள் படிக்கட்டு நடனத்தையும் விளக்கினால் நன்றாக இருக்கும். அதைத் தவிர்த்துவிட்டு அவரைப் பேச முடியாது.

தாளக்கட்டு:

எழுதுகிறேன். 1918 வாக்கில் நியூயார்க்கின் பேலஸ் அரங்கில் ராபின்சன் அதை ஆடினார். பேலஸ் என்பது வாடெவில் கலைஞர்கள் எல்லோரும் ஒரு நாளாவது ஆட வேண்டும் என்று ஏங்கிய மேடை. அரங்கின் நடுவே ஒரு புறம் ஏறி மறுபுறம் இறங்கும் சிறிய மரப்படிக்கட்டு, அதைத் தவிர வேறொன்றும் கிடையாது. அவர் முதல் படியில் ஒரு கட்டத்தைத் தட்டுவார். அடுத்த படிக்கு ஏறி அதற்குப் பதில் சொல்வதுபோல் வேறொன்றைத் தட்டுவார். ஒவ்வொரு படியும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் மரத்தின் ஒலி படிக்குப் படி மாறும். இசைக்குழு ஒரு தட்டோடு நிறுத்திக்கொண்டு அவருடைய காலுக்கு இடம் விடும். மேலே போய் நின்று ஒரு கணம் எதுவும் செய்யாமல் இருப்பார். பிறகு அதே தெளிவோடு, சில சமயம் பின்னோக்கியே, இறங்கி வருவார். உடல் வலிமையைக் காட்டும் வித்தை அன்று அது. படிக்கட்டையே ஒரு வாத்தியமாக வைத்துக்கொண்டு அவர் வாசித்த கச்சேரி.

படியில் ஆடிய முதல் ஆள் அவர் அல்லர். அவருக்கு முன்பும் ஆடியிருக்கிறார்கள். ராஸ்டஸ் பிரவுன் தானே அதைத் தொடங்கியதாக உரிமை கோரியதும் உண்டு. ராபின்சன் அதற்குக் காப்புரிமை வாங்க முயன்று, அரசு அலுவலகம் மறுத்துவிட்டது. ஆயினும் மேடை உலகத்தில் அது அவருடைய சொத்தாகவே மதிக்கப்பட்டது. நடன அசைவுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதும் இல்லாத காலத்தில் ஆட்டக்காரர்கள் தமக்குள் வைத்துக்கொண்ட மரியாதை அது.

வடக்குவீதி:

இதுவரை எழுதியவர்கள் அனைவரும் அவருடைய கால்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் அவர் நடித்த படங்களைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் கோடிக்கணக்கான மக்கள் பார்த்தது படங்களைத்தான்.

1935இல் மட்டும் அவர் ஷெர்லி டெம்பிளோடு இரண்டு படங்களில் நடித்தார். முதலாவது "தி லிட்டில் கர்னல்". அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பிந்தைய ஆண்டுகளில் கென்டக்கியில் நடக்கும் கதை. ராபின்சன் அதில் வீட்டுப் பணியாளர். இரண்டாவது "தி லிட்டிலஸ்ட் ரெபல்". இதில் அவர் போர்க்காலத்துத் தென்மாநிலப் பண்ணையில் வாழும் அடிமை. தன்னை அடிமையாக வைத்திருக்கும் குடும்பத்தைக் காப்பாற்றுவதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்ட பாத்திரம். அடிமைகளை விடுதலை செய்வது என்றால் என்னவென்று சிறுமி கேட்கும்போது, அது என்னவென்று தனக்கே தெரியாது என்று அந்தப் பாத்திரம் பதில் சொல்கிறது. இந்த வசனத்தைப் பேசியவர் அடிமையாக வாழ்ந்த ஒரு பாட்டியால் வளர்க்கப்பட்டவர் என்பதை நினைத்துப் பாருங்கள். அதே படத்தில் சிறுமி படைவீரர்களிடமிருந்து ஒளிந்துகொள்ள முகத்தில் கறுப்பைப் பூசிக்கொள்ளும் காட்சியும் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு கரி பூச மறுத்த மனிதர், அந்தக் கரி ஒரு வேடிக்கையாக வந்துபோகும் படத்தில் நடித்தார்.

அடிமை முறை இனிமையாக இருந்தது, அடிமைகள் மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்ற பொய்யை அந்தப் பத்தாண்டின் ஹாலிவுட் படங்கள் திரும்பத் திரும்பச் சொல்லின. அந்தப் பொய்க்கு ராபின்சனின் புன்னகை பயன்பட்டது. அவரை "அங்கிள் டாம்" என்று, அதாவது எசமானுக்குப் பணிந்து போகிறவர் என்று, ஏசியவர்களில் அவருடைய இனத்து மக்களே நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுடைய கோபத்தை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நிலவுமொழி:

வடக்குவீதி ஐயா, நீங்கள் சொன்ன வசனமும் காட்சியும் படத்தில் இருப்பவைதான்; அவற்றை நியாயப்படுத்த நான் வரவில்லை. எனினும் "தி லிட்டில் கர்னல்" படத்தின் படிக்கட்டுக் காட்சியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

சிறுமி மாடிக்குத் தூங்கப் போக மறுக்கிறாள். பணியாளர் அவளுக்கு மாடியேறுவதில் ஒரு புதிய வழி இருப்பதாகச் சொல்லி, வாயாலேயே மெட்டை முனகிக்கொண்டு படிகளில் ஆடிக் காட்டுகிறார். அவளுக்கும் ஆசை வருகிறது. அவர் கையை நீட்ட, அவள் பற்றிக்கொள்ள, இருவரும் ஒன்றாக ஏறுகிறார்கள். ஹாலிவுட் படத்தில் கறுப்பினத்தவர் ஒருவரும் வெள்ளை இனத்தவர் ஒருவரும் ஜோடியாக ஆடியது அதுவே முதல் முறை என்று சொல்லப்படுகிறது. தென்மாநிலங்களில் அந்தக் கைகோக்கும் பகுதியை வெட்டிவிட்டுப் படத்தைத் திரையிட்டார்கள். ஆறு வயதுக் குழந்தையும் ஐம்பத்தாறு வயதுப் பெரியவரும் கைபிடித்துக்கொள்வதைப் பார்க்கவே அவர்களுக்குப் பொறுக்கவில்லை. 1934 முதல் கடுமையாக நடைமுறைக்கு வந்த தணிக்கை விதிகள் இரு இனங்களுக்கிடையிலான காதலைத் திரையில் காட்டத் தடை விதித்திருந்தன என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேலைக்காரர், குழந்தை என்ற இரண்டு வேடங்களின் மறைப்பு இல்லாமல் அந்த இரண்டு கைகளும் அன்று திரையில் சேர்ந்திருக்கவே முடியாது.

அந்தக் குழந்தைக்கு அவர் எப்படிக் கற்பித்தார் என்பதும் என்னைக் கவர்ந்த செய்தி. தம்முடைய முழு நடனத்தையும் அவளிடம் திணிக்கவில்லை. அவளுடைய சிறிய கால்களுக்கு ஏற்றபடி எளிதாக்கினார். படியின் செங்குத்தான பலகையைக் கால்விரலால் உதைத்தாலே ஓர் ஓசை கிடைக்கும் என்று காட்டிக்கொடுத்தார். எண்ணி ஆடாமல் காதால் கேட்டு ஆடச் சொன்னார். ஷெர்லி டெம்பிள் பிற்காலத்தில் அவரைப் பற்றி எழுதியும் பேசியும் வந்தபோதெல்லாம், தன்னைக் குழந்தையாகக் குறைத்து நடத்தாமல் சக கலைஞராக நடத்தியவர் என்றே நினைவுகூர்ந்தார். அந்தக் காட்சியில் வேலைக்காரர் ஒருவரும் எசமானின் பேத்தியும் என்று கதை சொல்கிறது. ஆனால் காலைப் பார்த்தால் ஆசிரியர் யார், மாணவி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

வடக்குவீதி:

நிலவுமொழி அம்மா, உங்கள் கடைசி வரி எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தப் பேரறிவுக்குக் கிடைத்த இடம் மாடிப்படி மட்டுமே என்பதுதான் என் வருத்தம். அவரை ஒரு முழு மனிதராக, காதலும் கோபமும் உள்ளவராகத் திரையில் நிறுத்த எட்டு ஆண்டுகள் கழித்து "ஸ்டார்மி வெதர்" வர வேண்டியிருந்தது. 1943இல் ஃபாக்ஸ் நிறுவனம் எடுத்த அந்தப் படத்தில் நடித்தவர்கள் அனைவரும் கறுப்பினக் கலைஞர்கள். ராபின்சனின் வாழ்க்கையை ஓரளவு தழுவி எழுதப்பட்ட கதாநாயகன் வேடத்தை அவரே ஏற்றார். அப்போது அவருக்கு அறுபத்தைந்து வயது. கதாநாயகி லீனா ஹார்னுக்கு இருபத்தைந்து. காதலனாக நிற்கும் வாய்ப்பு அவருக்கு அந்த வயதில்தான் கொடுக்கப்பட்டது.

மேடைவிளக்கு:

அந்தப் படத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. அதில் பெரிய பெரிய முரசுகளின் மேலேறி ராபின்சன் ஆடும் பகுதி ஒன்று இருக்கிறது. கால் நிதானம் அந்த வயதிலும் அப்படியே இருப்பதைக் காணலாம். படத்தின் முடிவை ஒட்டி கேப் கேலோவேயின் இசைக்குழுவுக்கு முன்னால் நிக்கலஸ் சகோதரர்கள் ஆடுகிறார்கள். அவர்களும் படிக்கட்டுக்குத்தான் வருகிறார்கள். ஒருவர் தலைக்கு மேல் ஒருவராகத் தாவி, கால்களை அகட்டி விழுந்து, கையூன்றாமல் எழுந்து, படிப்படியாக இறங்கி வருவார்கள். மூத்தவரான ராபின்சன் ஒவ்வொரு படியையும் விரலால் தொடுவதுபோல் தொட்டு ஏறினார். இளையவர்கள் படிகளைத் தாண்டினார்கள். ஒரே படத்தில் இரண்டு தலைமுறைகள் அருகருகே கிடைப்பது அரிது.

இடையில் விட்டுப்போனதையும் சொல்லிவிடுகிறேன். 1928 மே மாதம் பிராட்வேயில் தொடங்கிய "பிளாக்பேர்ட்ஸ்" என்ற இசைநிகழ்ச்சி ஐந்நூறு முறைக்கு மேல் நடந்தது. அதில்தான் வெள்ளை இனப் பத்திரிகை விமர்சகர்கள் ராபின்சனைக் "கண்டுபிடித்தார்கள்". அந்த மாதம் அவருக்கு ஐம்பது வயது நிறைந்தது. அதற்குள் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேடையில் இருந்துவிட்டார். பிராட்வேக்குப் பிறகுதான் திரைப்படம்: 1930இல் "டிக்ஸியானா" படத்தில் ஒரு நடனம், 1932இல் "ஹார்லெம் இஸ் ஹெவன்" படத்தில் முதன்மை வேடம். அதே 1932இல் பேலஸ் அரங்கம் வாடெவிலைக் கைவிட்டுத் திரைப்படத்துக்கு மாறியது. அவரை உருவாக்கிய மேடை மூடப்பட்டுக்கொண்டிருந்தபோது அவருக்கு ஐம்பத்துநான்கு வயது. மற்ற வாடெவில்காரர்கள் ஆயிரக்கணக்கில் வேலையிழந்தார்கள். அந்தப் பணியாளர் வேடங்களை ஏற்றது சரியா என்று கேட்கும்போது, வேறு எந்த வேடம் அவர்முன் இருந்தது என்பதையும் கேட்டாக வேண்டும்.

கறுப்புவெள்ளை:

இழையை ஆர்வத்தோடு படித்து வருகிறேன். எனக்கு இரண்டு கேள்விகள். அவருடைய பெயரில் ஒரு புகழ்பெற்ற பாட்டு இருக்கிறதே, அது இவருடைய கதைதானா? ஹாலிவுட் நடன நடிகர் ஃப்ரெட் அஸ்டேர் ஒரு படத்தில் இவருக்கு மரியாதை செய்யும் விதமாக ஆடியதாகவும் கேள்விப்பட்டேன். அது எப்படிப்பட்டது?

படச்சுருள்:

முதல் கேள்விக்கு விடை எளிது. "மிஸ்டர் போஜாங்கிள்ஸ்" என்ற 1968ஆம் ஆண்டுப் பாட்டு இவரைப் பற்றியது அன்று. நியூ ஆர்லியன்ஸ் நகரச் சிறையில் பாட்டாசிரியர் சந்தித்த, அந்தப் பட்டப்பெயரைச் சூட்டிக்கொண்டிருந்த ஒரு தெரு ஆட்டக்காரரைப் பற்றியது. பாட்டில் வரும் நாடோடி வாழ்க்கையை ராபின்சனுக்கு ஏற்றிச் சொல்லும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

அஸ்டேரின் நடனம் 1936இல் வந்த "ஸ்விங் டைம்" படத்தில் இருக்கிறது. தலைப்பிலேயே ஹார்லெமின் போஜாங்கிள்ஸ் என்று ராபின்சனின் பெயர் சொல்லப்படுகிறது. அஸ்டேரின் பின்னால் மூன்று பெரிய நிழல்கள் அவரோடு சேர்ந்து ஆடுவது திரைநுட்பத்தில் ஒரு சாதனை. ஆனால் அஸ்டேர் அதில் முகத்தில் கரி பூசிக்கொண்டு வருகிறார். கரி பூச மறுத்த ஒருவருக்குக் கரி பூசிக்கொண்டு செய்த மரியாதை என்பது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. கால்வேலையைக் கவனித்தால் அது ராபின்சனைவிட ஜான் பபிள்ஸின் பாணிக்கு நெருக்கமானது என்று தேர்ந்தவர்கள் சொல்கிறார்கள். அஸ்டேர் பபிள்ஸிடம் பாடம் கேட்டவர் என்பதால் அது இயல்பே.

நிலவுமொழி:

மேடைக்கு வெளியே அவர் எப்படி வாழ்ந்தார் என்பதையும் இழையில் சேர்க்க வேண்டும். வடக்குவீதி ஐயாவின் கேள்விக்குப் பதிலின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது.

1908இல் நியூயார்க்கில் கொள்ளைக் குற்றச்சாட்டில் அவர் கைது செய்யப்பட்டு நீண்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மறுவிசாரணையில் சாட்சிகள் பொய் சொன்னது வெளிப்பட்டு விடுதலையானார். ஒரு கறுப்பின இளைஞனின் வாழ்க்கை எவ்வளவு எளிதாகக் கைநழுவக்கூடும் என்பதை அவர் தன் உடம்பிலேயே அறிந்தவர். அதன் பிறகு நல்ல உடையும் நல்ல நடத்தையும் அவருக்குக் கவசமாகவே ஆகிவிட்டன என்று நான் எண்ணுகிறேன்.

1933இல் தன் பிறந்த ஊரான ரிச்மண்டுக்குப் போனபோது, ஜாக்சன் வார்டு பகுதியில் ஆடம்ஸ் தெருவும் லீ தெருவும் சந்திக்கும் இடத்தில் குழந்தைகள் வண்டிகளுக்கு நடுவே பயந்து பயந்து சாலையைக் கடப்பதைக் கண்டார். அங்கே போக்குவரத்து விளக்கு இல்லை. தன் கைப்பணத்திலிருந்து ஆயிரம் டாலருக்கு மேல் கொடுத்து விளக்கை நிறுவச் செய்தார். அந்த முனையில்தான் 1973இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். படிகளில் இறங்கி வரும் கோலத்தில் நிற்கிறார். 1937இல் கறுப்பின நடிகர்களுக்கான சங்கம் உருவானபோது அதில் முன்னின்றார். நியூயார்க் பிளாக் யாங்கீஸ் என்ற பேஸ்பால் அணியின் உரிமையாளர்களில் ஒருவராக இருந்தார். உதவி நிதிக்காக நடந்த நிகழ்ச்சிகளில் கூலி வாங்காமல் ஆடினார். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் பெருமளவில் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் மக்கள் அவரைத் தங்கள் பகுதியின் மேயர் என்று அன்போடு அழைத்தார்கள். பின்னோக்கி ஓடுவதில் அவர் வைத்திருந்த சாதனை கூட ஒன்று உண்டு: நூறு கெஜத்தை 13.5 விநாடிகளில்.

குறைகளும் இருந்தன. சூதாட்டத்தில் பெரும்பணத்தை இழந்தார், கோபக்காரர், துப்பாக்கி இல்லாமல் வெளியே போக மாட்டார். இருபது லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தவர் என்று மதிப்பிடப்படும் மனிதரிடம் இறுதியில் ஒன்றும் மிஞ்சவில்லை. பாதி சூதில் போயிற்று என்றால் பாதி கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்ததில் போயிற்று.

வடக்குவீதி:

இந்தத் தகவல்களுக்கு நன்றி. என் நிலைப்பாட்டை நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் அதைத் துல்லியமாக்கிக்கொள்கிறேன். என் குற்றச்சாட்டு அந்தப் படங்களை எழுதித் தயாரித்தவர்கள் மீது முதலில் விழ வேண்டும். ராபின்சன் மீது பழி சொன்ன அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் கூட, அவர் தனியாக நின்று ஆடிய மேடைகளில்தான் தங்களுக்கான இடத்தைப் பெற்றார்கள். இருந்தாலும் அந்த வசனம் அந்த வாயிலிருந்து வந்தது என்ற உண்மை படச்சுருளில் நிலைத்துவிட்டது. இன்று அந்தப் படத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறவர்கள் அந்தக் கால வரலாற்றையும் சேர்த்துச் சொல்லித்தான் காட்ட வேண்டும்.

தாளக்கட்டு:

இதில் எனக்கும் உடன்பாடே. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: மேடையில் அவர் ஆடிய ஆயிரக்கணக்கான இரவுகளில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. வாடெவில் மேடைக்கலை, பதிவு இல்லாமல் போய்விட்டது. நமக்கு மிஞ்சியிருப்பவை ஐம்பது வயதுக்குப் பிந்தைய சில படத்துண்டுகள் மட்டுமே. அவருடைய உச்சத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆகவே படங்களை வைத்து அவருடைய கலையை அளக்கும்போது, நாம் பார்ப்பது அவருடைய கலைவாழ்வின் கடைசிப் பகுதியைத்தான் என்பதை மறக்கக் கூடாது.

மேடைவிளக்கு:

அவருடைய இறப்பையும் பதிந்துவிடலாம். 1949 நவம்பர் 25 அன்று நியூயார்க்கில் இதய நோயால் காலமானார், வயது எழுபத்தொன்று. இறுதிச் சடங்கை நடத்தக் குடும்பத்திடம் பணம் இல்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் எட் சல்லிவன், நீண்டகால நண்பர், முன்னின்று ஏற்பாடு செய்தார். ஹார்லெமில் 369ஆவது படைப்பிரிவின் கட்டடத்தில் உடல் வைக்கப்பட்டபோது முப்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வரிசையில் வந்து பார்த்தனர். ஹார்லெம் பள்ளிகளுக்கு அரைநாள் விடுமுறை விடப்பட்டது. ஹார்லெம் போதகர் ஆடம் கிளேட்டன் பவல் இரங்கலுரை ஆற்றினார். 1989இல் அமெரிக்க நாடாளுமன்றம் அவருடைய பிறந்தநாளான மே 25ஐத் தேசிய டாப் நடன நாளாக அறிவித்தது.

கறுப்புவெள்ளை:

அனைவருக்கும் நன்றி. எந்தப் படத்திலிருந்து தொடங்குவது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

தாளக்கட்டு:

"ஹார்லெம் இஸ் ஹெவன்" படத்திலிருந்து தொடங்குங்கள். கதை சுமார்தான்; நடிப்பும் பல இடங்களில் தட்டுத்தடுமாறும். ஆனால் மேடையில் ஆடிய படிக்கட்டு நடனத்துக்கு மிக நெருக்கமான வடிவம் அதில்தான் பதிவாகியிருக்கிறது: குழந்தை இல்லை, வேலைக்காரர் உடை இல்லை, கதையின் குறுக்கீடு இல்லை, கேமராவும் பெரும்பாலும் காலை விட்டு நகராமல் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு "தி லிட்டில் கர்னல்" காட்சிக்குப் போனால், சிறுமிக்காக அவர் எதையெல்லாம் எளிதாக்கினார், எதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது விளங்கும். "ஸ்டார்மி வெதர்" மூன்றாவதாக வரட்டும். முடிந்தால் நல்ல ஒலிபெருக்கியில் கேளுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் மரத்தின் ஓசை அடிபட்டுப் போகிறது.